சோர்ஸில் இருந்து கொம்பைலர் பில்ட் பண்ணமுதல் என்னென்ன இருக்க வேணும்? கேள்வி பதில்

ஜிசிசி, எல்எல்விஎம் என்ற இரண்டு கொம்பைலர்களையும் சோர்ஸில் இருந்து பில்ட் பண்ண வெளிக்கிட்டு இடையில் நின்றுபோன ஆக்களின் கேள்விகள் இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்ட ஆளின் ஊர். பதில்கள் உபுண்டு 22.04, 24.04 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். ரெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கோ.

கொக்குவில்: அக்கா, ஜிசிசி 14 பில்ட் பண்ணப் போறன். முதலில் என்னென்ன இன்ஸ்டோல் பண்ண வேணும்? ஒவ்வொரு இடத்திலையும் ஒவ்வொரு லிஸ்ட் கிடக்கு.

நீங்கள் எதை டவுன்லோட் பண்ணினீங்கள் என்பதைப் பொறுத்து லிஸ்ட் மாறும். வெளியீட்டு டார் ஃபைல் என்றால் பில்ட்-எசென்ஷியல், எம்4, பீசிப்2, எக்ஸ்சீ-யுடில்ஸ், டபிள்யூகெற் இவ்வளவும் போதும். பில்ட்-எசென்ஷியலுக்குள் சி, சி++ கொம்பைலர்கள், பில்ட் வேலையை ஓட்டுகிற மேக், சி நூலகத்தின் ஹெடர்கள் எல்லாம் அடங்கும். கிற்றில் (சோர்ஸின் மாற்றங்களைச் சேமிக்கிற களஞ்சியம்) இருந்து எடுத்த சோர்ஸ் என்றால் ஃபிளெக்ஸ், பைசன், டெக்ஸ்இன்ஃபோ மூன்றையும் சேருங்கோ. இவை உருவாக்குகிற ஃபைல்கள் வெளியீட்டு டாருக்குள் ஏற்கெனவே இருக்கும், கிற்றில் இராது.

ஆட்டோகொன்ஃப், ஆட்டோமேக் இரண்டையும் எல்லா லிஸ்டிலும் காணலாம். பில்ட்டுக்கு முன் மெஷினைச் சோதிக்கிற கொன்ஃபிகர் ஸ்கிரிப்டையே திருத்தப் போகிற ஆளுக்குத்தான் அவை வேணும். அப்படித் திருத்துவதென்றாலும் ஆட்டோகொன்ஃப் 2.69, ஆட்டோமேக் 1.15.1 என்று குறிப்பிட்ட பதிப்புத்தான் வேணும். உங்களுக்கு இப்ப தேவையில்லை.

மெஷினில் ஏற்கெனவே இருக்கிற கொம்பைலரின் வயதையும் பாருங்கோ. ஜிசிசி 11 முதல் 14 வரை பில்ட் பண்ண சி++11 தெரிந்த கொம்பைலர் போதும். ஜிசிசி 15க்கு சி++14 வேணும், அதாவது குறைந்தது ஜிசிசி 5.4. அதைவிடப் பழைய மெஷின் என்றால் இடையில் ஜிசிசி 9.5ஐ பில்ட் பண்ணி, அதை வைத்து 15க்குப் போங்கோ.

திருநெல்வேலி: கொன்ஃபிகர் ஓடேக்கை "ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி வேணும்" எண்டு நிக்குது. ஆனா லிப்ஜிஎம்பி10 இன்ஸ்டோல் ஆகித்தான் இருக்கு. பிறகேன்?

ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றும் ஜிசிசிக்கு வேண்டிய கணக்கு நூலகங்கள். லிப்ஜிஎம்பி10 என்பது மற்ற புரோகிராம்கள் ஓடுவதற்கான நூலகம் மட்டும். பில்ட் பண்ண ஹெடர் ஃபைல் வேணும். அது "டெவ்" என்று முடிகிற பொதிக்குள்தான் வரும்: லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ், லிப்எம்பிசி-டெவ்.

இதை ஊகித்துக்கொண்டிராமல் கொன்ஃபிக்.லொக் ஃபைலைத் திறந்து பாருங்கோ. கடைசிக்குப் போனால் நூற்றுக்கணக்கான வரியில் மாறிகளின் பட்டியல்தான் இருக்கும், அங்கே ஒன்றும் விளங்காது. "கேஷ் வேரியபிள்ஸ்" என்ற தலைப்பைத் தேடி, அதற்குச் சற்று மேலே வாசியுங்கோ. "கொன்ஃப்டெஸ்ட்.சி" என்று தொடங்கி "ஜிஎம்பி.எச்: அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி நிற்கும். கொன்ஃபிகர் செய்கிற வேலையே அதுதான்: சின்னச் சின்ன சி புரோகிராம் எழுதி, அது கொம்பைல் ஆகுதா என்று பார்க்கும். எது ஆகவில்லையோ அதுதான் உங்கட மெஷினில் இல்லாத சாமான்.

இந்த மூன்றுக்கும் இன்னொரு வழி இருக்கிறது, நான் அதைத்தான் சொல்லுவேன். சோர்ஸ் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் நின்று "டொட் ஸ்லாஷ் கொன்ட்ரிப் ஸ்லாஷ் டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்" என்று ஓட்டுங்கோ. அந்த ஜிசிசிக்குப் பொருத்தமான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி, ஐஎஸ்எல் முதலிய நூலகங்களை அதுவே இறக்கி, சோர்ஸுக்குள் இணைத்து வைக்கும். ஜிசிசியோடு சேர்ந்தே அவையும் பில்ட் ஆகும். ரூட் அனுமதியும் வேண்டாம். கொன்ட்ரிப் ஃபோல்டருக்குள் போய் நின்று ஓட்டினால் மறுத்துவிடும்.

சாவகச்சேரி: அந்த ஸ்கிரிப்ட் ஓடேக்கை லைன் அறுந்திட்டுது. திருப்பி ஓட்டினா செக்சம் பிழை எண்டு சொல்லுது.

அரைகுறையாக வந்த ஃபைல் அங்கேயே கிடக்கிறது. "--ஃபோர்ஸ்" சேர்த்து ஓட்டினால் மேலெழுதி இறக்கும். "--நோ-வெரிஃபை" என்றும் ஒன்று இருக்கு, அதைப் போட்டால் பிழைச் செய்தி மறையும், உடைந்த டார் அப்படியே இருக்கும். போட வேண்டாம். டேட்டா குறைவு என்றால் கிற் குளோன் பக்கமே போகாதேங்கோ. வெளியீட்டு டார் எக்ஸ்சீ வடிவில் 90 எம்பி அளவுதான். கிற் கட்டாயம் வேணும் என்றால் "--டெப்த் 1" போடுங்கோ.

நல்லூர்: "நோ யூசபிள் எம்4 இன் பாத் ஓர் யுஎஸ்ஆர்5பின்" எண்டு வருது. யுஎஸ்ஆர்5பின் எண்டு ஒரு ஃபோல்டரே என்ர மெஷினில் இல்லை.

இருக்கத் தேவையில்லை. ஜிஎம்பியின் கொன்ஃபிகர் தேடிப்பார்க்கிற பழைய இடங்களில் அதுவும் ஒன்று. எம்4 பொதியை இன்ஸ்டோல் பண்ணுங்கோ, சரி. பில்ட்-எசென்ஷியலில் எம்4 வராது. பைசன் போட்டவைக்கு அதோடு சேர்ந்து வந்திருக்கும். "எனக்கு அப்படி வரேல்லையே" என்று பக்கத்து ஆள் சொல்லுவது அதனால்தான்.

கிளிநொச்சி: லாப் மெஷினில் இன்ரநெற் இல்லை. பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடலாமோ?

போடலாம், ஆனால் வீட்டு மெஷினில் "டவுன்லோட்-ஒன்லி" போட்டு எடுத்த டெப் ஃபைல்களைக் கொண்டுபோனால் அரைவாசி குறையும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொதிகளை ஆப்ட் இறக்காது. லாபில் அவை இல்லாமல் இருக்கலாம். லிஸ்டை லாப் மெஷினில்தான் எடுக்க வேணும். அங்கே "ஆப்ட்-கெற் இன்ஸ்டோல் --பிரின்ட்-யுஆர்ஐஸ் -கியூகியூ" என்று போட்டு, பின்னால் பொதிப் பெயர்களை அடித்தால், அந்த மெஷினுக்குக் குறைகிற ஒவ்வொன்றின் முகவரியும் வரும். அதை ஒரு ஃபைலில் சேமித்து வீட்டில் டபிள்யூகெற்றால் இறக்குங்கோ. பிறகு லாபில் எல்லா டெப்பையும் ஒரே ஃபோல்டரில் வைத்து "சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் ./*.டெப்". சில முகவரிக்கு 404 வந்தால், லாப் மெஷினின் பொதிப் பட்டியல் பழையது. அந்தப் பொதியின் புதுப் பதிப்பைத் தேடி எடுங்கோ.

சோர்ஸைப் பென் டிரைவிலேயே விரித்து அங்கேயே பில்ட் பண்ணப் பார்க்க வேண்டாம். பென் டிரைவ் பெரும்பாலும் ஃபாட்32, இல்லாவிட்டால் எக்ஸ்ஃபாட். இரண்டிலும் சிம்லிங்க் (வேறு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டுகிற குறுக்குவழி) இல்லை, ஓட்டும் அனுமதியையும் வைத்திருக்காது. டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ் வேலை செய்வதே சிம்லிங்க் போட்டுத்தான். டாராகவே கொண்டுபோய், ஹோம் ஃபோல்டரில் விரியுங்கோ.

மானிப்பாய்: கொன்ஃபிகரை எந்த ஃபோல்டரில் நிண்டு ஓட்டிறது? நான் சோர்ஸுக்குள்ளயே ஓட்டினனான்.

சோர்ஸுக்கு வெளியே வேறு ஃபோல்டர் ஒன்று. ஏற்கெனவே உள்ளே ஓட்டியிருந்தால் அந்தச் சோர்ஸை அழித்து, டாரைத் திரும்ப விரிப்பதுதான் சுகம். பாதையில் இடைவெளி உள்ள பெயர் எங்கேயும் வரக்கூடாது. "நியூ ஃபோல்டர்" என்ற பெயரே மேக்கைக் குழப்பப் போதும். கொன்ஃபிகருக்கு இவ்வளவு கொடுங்கோ: ஹோமுக்குள் ஓர் இடத்தைக் காட்டுகிற "--ப்ரீஃபிக்ஸ்", "--எனேபிள்-லாங்குவேஜஸ்=சி,சி++", "--டிசேபிள்-மல்டிலிப்". கடைசியானதை விட்டால் 32 பிற் நூலகம் இல்லை என்று நிற்கும். 32 பிற் உண்மையில் வேணும் என்றால் மட்டும் ஜிசிசி-மல்டிலிப் பொதியைப் போடுங்கோ. ப்ரீஃபிக்ஸை "/யுஎஸ்ஆர்" என்று மட்டும் கொடுத்துவிடாதேங்கோ, சிஸ்டம் கொம்பைலருக்கு மேலேயே போய் இருந்துவிடும்.

பருத்தித்துறை: அரை மணித்தியாலம் ஓடிப்போட்டு "கனொட் கொம்ப்யூட் சஃபிக்ஸ் ஒஃப் ஒப்ஜெக்ட் ஃபைல்ஸ்" எண்டு நிண்டிட்டுது. ஜிஎம்பி எல்லாம் நானே தனித்தனியா பில்ட் பண்ணி ஹோமில வச்சிருக்கிறன், "--வித்-ஜிஎம்பி"யும் குடுத்தனான்.

கேள்வியிலேயே காரணம் இருக்கு. "சஃபிக்ஸ்" என்ற சொல்லைப் பார்த்து ஒப்ஜெக்ட் ஃபைலைத் தேடி அலைய வேண்டாம்.

ஜிசிசி முதல் கட்டத்தில், மெஷினில் இருக்கிற கொம்பைலரால் தன்னை ஒருக்கால் பில்ட் பண்ணும். அப்படி வந்த புதுக் கொம்பைலரை வைத்து, ஜிசிசியின் சொந்த உதவி நூலகமான லிப்ஜிசிசியைக் கொன்ஃபிகர் பண்ண வெளிக்கிடும். நீங்கள் நிற்பது அந்த இடத்தில். "--வித்-ஜிஎம்பி" லிங்க் பண்ணுகிற நேரத்துக்கு மட்டும் வழி சொல்லும். ஓடுகிற நேரத்தில் லிப்எம்பிசி.எஸ்ஓ.3 எங்கே இருக்கிறது என்று லோடருக்குத் தெரியாது. அதனால் புதுக் கொம்பைலர் தொடங்கும்போதே விழுந்துவிடும். சஃபிக்ஸைப் பார்க்க ஒரு சின்ன ஃபைலைக்கூட அதால் கொம்பைல் பண்ண முடியாமல் போக, அந்தச் செய்தி வருகிறது.

உறுதிப்படுத்த, பில்ட் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் உள்ள கொன்ஃபிக்.லொக்கைப் பார்க்காமல், "எக்ஸ்86_64-பீசி-லினக்ஸ்-குனு" என்ற ஃபோல்டருக்குள் லிப்ஜிசிசி, அதற்குள் உள்ள கொன்ஃபிக்.லொக்கைப் பாருங்கோ. "எரர் வைல் லோடிங் ஷெயார்ட் லைப்ரரிஸ்" என்ற வரி இருக்கும்.

தீர்வு மூன்று இருக்கு. எல்டி_லைப்ரரி_பாத்தில் அந்த லிப் ஃபோல்டரைச் சேர்த்து, அதே ரெர்மினலில் மேக்கைத் திரும்ப ஓட்டலாம். பிறகு புதுக் கொம்பைலரைப் பாவிக்கிற ஒவ்வொரு முறையும் அது வேணும். இல்லாவிட்டால் அந்த மூன்றையும் "--டிசேபிள்-ஷெயார்ட்" போட்டுத் திரும்ப பில்ட் பண்ணலாம்; முதல் ஜிஎம்பி, பிறகு எம்பிஎஃப்ஆர், கடைசியாக எம்பிசி. இல்லாவிட்டால் தனியாகப் பட்ட பாட்டை விட்டுவிட்டு டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸுக்குப் போகலாம். நானென்றால் மூன்றாவதுதான்.

எல்டி_லைப்ரரி_பாத், லைப்ரரி_பாத் இரண்டிலும் கடைசியில் வெறும் முக்காற்புள்ளி தொங்கக்கூடாது. "நீங்கள் நிற்கிற ஃபோல்டர்" என்று அதற்கு அர்த்தம். லைப்ரரி_பாத்தில் அப்படி இருந்தால் ஜிசிசியின் கொன்ஃபிகர் மறுத்துவிடும்.

சுன்னாகம்: 8 ஜிபி ராம் லப்டொப், விண்டோஸ், டபிள்யூஎஸ்எல். மேக் -ஜே8 போட்டா "கில்ட்" எண்டு வந்து சிசி1பிளஸ் சாகுது.

ராம் முடிந்துபோச்சு. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் 2, மெஷினின் மொத்த ராமில் அரைவாசியைத்தான் எடுக்கும், ஆக உங்களிடம் இருப்பது 4 ஜிபி. ஒரே நேரத்தில் இரண்டு வேலை மட்டும் ஓட -ஜே2 போடுங்கோ. விண்டோஸில் உங்கட யூசர் ஃபோல்டருக்குள் ".டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக்" ஃபைலில் மெமரி 6ஜிபி, ஸ்வாப் 8ஜிபி என்று எழுதி, "டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்" கொடுத்துத் திரும்பத் தொடங்கினால் -ஜே3 தாங்கும். சோர்ஸை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் ஹோமுக்குள் வையுங்கோ. அந்தப் பக்கம் போய்வரப் பலமடங்கு நேரம் போகும். டிஸ்கில் 10 ஜிபியாவது வெறுமையாக இருக்கட்டும்.

பழகிப்பார்க்கத்தான் என்றால் கொன்ஃபிகரில் "--டிசேபிள்-பூட்ஸ்ட்ராப்" சேருங்கோ. வழமையாக ஜிசிசி தன்னை மூன்று முறை பில்ட் பண்ணி, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இதைப் போட்டால் ஒருமுறையோடு முடியும். மற்ற ஆக்களுக்குக் கொடுக்கிற கொம்பைலர் என்றால் இதைப் போடாதேங்கோ.

உரும்பிராய்: இடையில கரண்ட் போனா முதல்ல இருந்தோ?

இல்லை. அதே பில்ட் ஃபோல்டரில் திரும்ப மேக் அடித்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் கரண்ட் போன நேரம் எழுதிக்கொண்டிருந்த ஒப்ஜெக்ட் ஃபைல் வெறுமையாக நின்றுவிடும். மேக் நேரத்தைத்தான் பார்க்கும், உள்ளே என்ன இருக்கு என்று பார்க்காது. அது பிறகு லிங்க் பண்ணும்போது "ஃபைல் ட்ரங்கேற்றட்" என்று வெளிவரும். ஆகவே முதலில் ஃபைண்ட் கட்டளையால் "-சைஸ் 0" உள்ள .ஓ ஃபைல்களைத் தேடி அழித்துவிட்டு மேக்கைத் தொடங்குங்கோ.

வட்டுக்கோட்டை: எல்எல்விஎம்முக்கும் இதே சாமான்கள்தானோ?

பில்ட்-எசென்ஷியல் பொது. ஜிஎம்பி வகையறா வேண்டாம். சீமேக் 3.20, பைதன் 3, ஜிசிசி 7.4 அல்லது அதற்கு மேல், கூடவே மேக்குக்குப் பதிலாக வேலை செய்கிற நிஞ்சா. எல்எல்விஎம் 18க்கு இது கணக்கு. உபுண்டு 22.04ல் சீமேக் 3.22 இருக்கு, பிரச்சினை இல்லை. 20.04ல் 3.16தான், அங்கே பைதன் வென்வ் ஒன்று திறந்து அதற்குள் பிப்பால் சீமேக்கைப் போடுங்கோ.

சீமேக்குக்கு எல்எல்விஎம்-புரொஜெக்ட் ஃபோல்டரைக் காட்டாமல், அதற்குள் இருக்கிற எல்எல்விஎம் ஃபோல்டரைக் காட்டுங்கோ. "கிளாங்;எல்எல்டி" என்று புரொஜெக்ட் பெயர்களைக் கொடுக்கும்போது மேற்கோள் குறி கட்டாயம். இல்லாவிட்டால் பாஷ் அரைப்புள்ளியோடு கட்டளை முடிந்தது என்று எடுத்து, "எல்எல்டி"யைத் தனிக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும். பில்ட் வகை "ரிலீஸ்" ஆக இருக்கட்டும். டீபக் என்றால் கிளாங்கோடு சேர்த்து 15 முதல் 20 ஜிபி போகும். டார்கெற் "எக்ஸ்86" ஒன்று போதும். ராம் குறைந்த மெஷினில் எல்எல்விஎம்_பரலல்_லிங்க்_ஜொப்ஸ்=1 போடுங்கோ, அது நிஞ்சாவோடு மட்டும்தான் வேலை செய்யும். கொம்பைலரை மாற்றிப் பார்ப்பதென்றால் சீமேக்கேஷ்.டிஎக்ஸ்டியை அழித்துவிட்டு ஓட்டுங்கோ.

கொக்குவில்: திருப்பியும் நான்தான் அக்கா. எல்லாம் முடிஞ்சுது, "மேக் செக்" போட்டா ரன்டெஸ்ட் இல்லையாம்.

டெஜாக்னு பொதியைப் போடுங்கோ, ரன்டெஸ்ட் அதற்குள்தான் இருக்கு. எக்ஸ்பெக்ட், டிசிஎல் இரண்டும் அதோடு வந்துவிடும். "மேக் -கே செக்" என்று போடுங்கோ, ஒரு சோதனை விழுந்தாலும் மற்றவை ஓடும்.