கம்பி போட்ட பல், ஈறில் ரத்தம்: வாட்டர் ஃப்ளாஸரை நிறுத்த வேண்டாம்

வணக்கம் சகோதரி. பல்லுக்குக் கம்பி போட்டு மூன்று மாதம், வாட்டர் ஃப்ளாஸர் (பல் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவி) வாங்கி நான்கு நாள், ஈறில் ரத்தம் வருகிறது, நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள், வேகத்தை மட்டும் குறையுங்கள். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைத்தால் யாருக்குமே வலிக்கும்.

பெரும்பாலும் கம்பியைச் சுற்றித் தங்கிய அழுக்கால் ஈறு முன்பே வீங்கியிருக்கும். தண்ணீர் பட்டதும் கசிகிறது. தினமும் சுத்தம் செய்தால் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் வந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

என் மகளுக்குக் கம்பி போட்டிருந்தபோது முதல் வாரம் கண்ணாடி, சுவர், சட்டை எல்லாம் நனைந்தன. பிறகுதான் பழகியது. வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிந்து, முனையை வாய்க்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். உதட்டை லேசாக மூடினால் போதும், தண்ணீர் தானே வழியும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் பல் கூசாது. பல்லும் ஈறும் சேரும் கோட்டில் முனையை நேராகப் பிடித்து, ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு நொடி நிறுத்துங்கள். கம்பிக்கு மேலும் கீழும் உள்ள இடத்தைத் தவறவிடாதீர்கள். பிரஷ் செய்த வாயிலிருந்தே கீரைத் துணுக்கும் தேங்காய்த் துருவலும் வந்து விழுவதைப் பார்ப்பீர்கள்.

ஆனால் பிரஷ்ஷை விட்டுவிடாதீர்கள். பல்லில் ஒட்டிய படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பல்லில் கெட்டியாகிப்போன காரை தண்ணீருக்கும் பிரஷ்ஷுக்கும் அசையாது, அதற்கு டாக்டரிடம் ஸ்கேலிங்தான் (கருவியால் சுரண்டி எடுப்பது).