பழைய சைடு ஸ்க்ரோலிங் ஷூட்டர் கேம்ஸ் விளையாடின அனுபவம் எப்படி இருந்துச்சு? சும்மா சுட்டுக்கிட்டே போறதுல அப்படி என்ன இருக்கு?

சுடுறதுல பெருசா ஒண்ணும் இல்லைங்க, அது உண்மைதான். பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா குண்டு போய்க்கிட்டே இருக்கும். ஆனா இந்த கேம்ஸோட உயிர் அதுல இல்ல, எந்த நேரத்துல எங்க நிக்கிறோம்ங்கிறதுல இருக்கு. நீங்க ஓட்டுறது ஒரு விண்கப்பல், ஸ்கிரீன் அதுபாட்டுக்கு பக்கவாட்டுல நகர்ந்துக்கிட்டே இருக்கும், உங்களுக்காக ஒரு செகண்ட் கூட நிக்காது, மேலயும் பாறை கீழயும் பாறை, பின்னாடியிருந்து கூட எதிரி வருவான், இதுக்கு நடுவுல அடுத்து எங்க போய் நிக்கணும்னு முன்கூட்டியே யோசிச்சுக்கிட்டே இருக்கணும்.

1981ல கொனாமி கம்பெனி விட்ட ஸ்க்ராம்பிள்ங்கிற கேம்லயே இது தெரியும். அதுல எரிபொருள் குறைஞ்சுக்கிட்டே வரும், தரையில இருக்கிற எரிபொருள் டேங்கை அடிச்சாதான் ஏறும். அதனால பயந்துக்கிட்டு மேலயே பறந்து தப்பிக்கலாம்னா நடக்காது, எப்படியும் ராக்கெட் கிளம்புற இடத்துக்குக் கிட்ட இறங்கித்தான் ஆகணும். அவ்வளவு சின்ன விதி, ஆனா விளையாடுற விதத்தையே மாத்திடுது.

அடுத்து 1985ல வந்த கிரேடியஸ். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கீழ இருக்கிற அந்த பவர் பார். எதிரி விட்டுட்டுப் போற கேப்ஸ்யூல் ஒண்ணு எடுத்தா ஸ்பீட் அப் மேல லைட் எரியும், இன்னொண்ணு எடுத்தா மிசைல், அப்புறம் டபுள், லேசர், ஆப்ஷன்னு ஒவ்வொண்ணா தள்ளிப் போகும். எது வேணுமோ அங்க வரும்போது பட்டனைத் தட்டி வாங்கிக்கணும். இப்பவே மிசைல் வாங்கலாமா, இல்ல பொறுத்து ஆப்ஷன் வரைக்கும் சேர்க்கலாமான்னு ஒரு கணக்கு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அந்த ஆப்ஷன்ங்கிற ஒளி உருண்டைங்க நீங்க போன பாதையிலயே பின்னாடி வரும், நீங்க நின்னா அதுங்களும் நின்ன இடத்துல நின்னுடும். இதைப் புரிஞ்சுக்கிட்டா மேல இருந்து கீழ வந்து டக்குனு நிறுத்தி, உருண்டைங்களை ஸ்கிரீன் உயரத்துக்குப் பரப்பி வச்சு சுடலாம். ஈஸ்டர் தீவுல இருக்கிற மாதிரியான மோவாய் கல் சிலைங்க வாயிலிருந்து வளையம் வளையமா துப்புற ஸ்டேஜ்ல இப்படி நிறுத்தி வச்சு, திறந்த வாயைப் பார்த்து அடிக்கிறது தனி சந்தோஷம்.

ஆனா கிரேடியஸ்ல எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. செத்தா சேர்த்தது எல்லாம் போயிடும், செக்பாயின்ட்ல, அதாவது ஏற்கெனவே தாண்டின ஒரு இடத்துல, வெறும் கப்பலோட, ஆமை வேகத்துல திரும்ப ஆரம்பிக்கணும். பின்பகுதி ஸ்டேஜ்ல இது நடந்தா மீண்டு வர்றது பெரும் பாடு, அதை சவால்னு சொல்ல என்னால முடியல. நின்டெண்டோவோட வீட்டு கேம் மெஷினான ஃபேமிகாமுக்கு இதை மாத்தின ஹாஷிமோட்டோ கசுஹிசாவுக்கே டெஸ்ட் பண்றப்போ ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம், அதுக்காக அவர் உள்ள வச்சதுதான் மேல மேல கீழ கீழன்னு பட்டன் வரிசையா அமுக்கினா பவர் எல்லாம் ஒரேயடியா கிடைக்கிற அந்த ஃபேமஸ் கொனாமி கோட், 1986ல.

என் மனசுல முதலிடம் ஆர் டைப்புக்குத்தான். 1987, ஐரெம் கம்பெனி. இதுல ஃபோர்ஸ்னு ஒரு உருண்டை கிடைக்கும், அதை எதிரியால அழிக்கவே முடியாது. கப்பலோட மூக்குல மாட்டலாம், வாலுல மாட்டலாம், தனியா முன்னாடி தூக்கி எறிஞ்சுட்டு அப்புறம் திரும்பக் கூப்பிடலாம், வர்ற சின்ன குண்டுங்களை அது தடுத்தும் விடும். அதாவது ஆயுதமும் அதுதான் கேடயமும் அதுதான், எங்க மாட்டுறீங்களோ அந்தப் பக்கம் பத்திரம், மத்த பக்கம் திறந்து கிடக்கும். இதோட பட்டனை அமுக்கிப் பிடிச்சா கீழ பீம் கோடு நிறைஞ்சு பெரிய குண்டு ஒண்ணு போகும், ஆனா அது நிறையுற வரைக்கும் கப்பல் துப்பாக்கி சுடாது. முதல் ஸ்டேஜ் கடைசியில டாப்கெராடாப்ஸ்னு வால் சுழட்டுற ஒரு ராட்சசன் வருவான், அவன் வயித்துலயிருந்து எட்டிப் பார்க்குற குட்டித் தலைதான் அவன் உயிர்நிலை. ஃபோர்ஸை நேரா அந்த வயித்துக்குள்ள எறிஞ்சு அங்கேயே விட்டுட்டு நான் ஓரமா வாலுக்குத் தப்பிச்சுக்கிட்டு இருப்பேன், முதல் தடவை அது வேலை செஞ்சப்ப கத்தியே விட்டேன்! மூணாவது ஸ்டேஜ் முழுக்க ஒரே ஒரு போர்க்கப்பல்தான், ஸ்கிரீனுக்குள்ள அடங்காத சைஸ், அதைச் சுத்திச் சுத்தி வந்து பாகம் பாகமா உடைக்கணும்.

இதுலயும் செத்தா செக்பாயின்ட்தான், மனப்பாடம்தான். ஆனா ஒரு இடத்துல திரும்பத் திரும்ப செத்தா, நிக்கிற இடத்தை மாத்திப் பார்த்தா வழி கிடைக்கும்ங்கிற நம்பிக்கையை இது கொடுக்குது.

புதுசா ஆரம்பிக்கிறவங்க 1986ல வந்த சாலமேண்டர்ல தொடங்குங்க. ரெண்டு பேர் சேர்ந்து விளையாடலாம், செத்தா அதே இடத்துல உடனே வந்துடலாம், சிதறின ஆப்ஷனை ஓடிப்போய் திரும்பப் பிடிச்சுக்கவும் செய்யலாம், ஒரு ஸ்டேஜ் பக்கவாட்டுல போனா அடுத்தது மேல் நோக்கிப் போகும். அப்புறம் ஆர் டைப்புக்கு வாங்க. இப்ப வர்ற ரீரிலீஸ் பலதுல சேவ் பண்ற வசதி இருக்கு, அதை ஸ்டேஜ் ஆரம்பத்துல மட்டும் போட்டுக்கிட்டுப் பழகுங்க. ஒவ்வொரு எதிரிக்கும் நடுவுல சேவ் பண்ணிக்கிட்டே போனா ஸ்டேஜ் முடியும், ஆனா எங்க நிக்கணும்னு கை கத்துக்காது.