பெட்ரோல் மூடி திறக்கலையா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைங்க

கார் கதவு, கண்ணாடி, லாக் இதுதான் 22 வருஷமா என் வேலை. இன்ஜின் பக்கம் அதிகம் தலைகாட்டறதில்லை. போன வாரம் ஒரு கார் வந்தது. பெட்ரோல் மூடியைச் சுற்றி பெயின்ட் பெயர்ந்து, தகரம் நெளிஞ்சு, பார்க்கவே பாவமா இருந்தது. திறக்கலைன்னு ஓனர் ஸ்க்ரூடிரைவரால நெம்பியிருக்கார். உள்ளே பார்த்தா ஒரு விரல் நீள ஸ்பிரிங் தகடு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். அதை உட்கார வைக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. தகரத்தைத் தட்டி பெயின்ட் அடிக்க ரெண்டு நாள் ஆச்சு. இதைச் சொன்னதும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிட்டீங்க. வந்த வரிசையிலேயே பதில் எழுதறேன். மூடின்னு நான் சொல்றது வெளியே பாடியோட சமமா தெரியற சின்னக் கதவை. உள்ளே திருகறதை கேப்னு சொல்றேன்.

கேள்வி: அண்ணே, பங்க்கிலதான் நிக்கறேன். சீட்டுக்குப் பக்கத்து லீவரை இழுத்தா 'டக்'னு சத்தம் வருது, மூடி திறக்கலை. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க.

சத்தம் வருதுன்னா பாதிக் கவலை தீர்ந்தது தம்பி. லாக் வேலை செய்யுது, மூடியை வெளியே தள்ளற ஸ்பிரிங்தான் செய்யலை. லீவரை இழுக்கும்போது லாக் பின் உள்ளே போகும். அந்த ஒரு நொடியில ஸ்பிரிங் மூடியை வெளியே தள்ளணும். தள்ளலைன்னா, நீங்க லீவரை விட்டதும் பின் திரும்ப வந்து மாட்டிக்கும்.

அதனால பக்கத்துல ஒருத்தரைக் கூப்பிடுங்க. அவர் லீவரை இழுத்தபடியே பிடிச்சிருக்கட்டும், விடக்கூடாது. நீங்க மூடியோட திறக்கற ஓரத்தை உள்ளங்கையால ஒரு அழுத்து அழுத்தி விடுங்க. ரெண்டு மூணு தடவை செஞ்சா விளிம்பு கொஞ்சம் எழும்பும், நகம் போட்டுத் தூக்கிடலாம். எழும்பலைன்னா பழைய பிளாஸ்டிக் கார்டை இடுக்கில விட்டு மெதுவா இழுங்க. ஆள் இல்லைன்னா லீவருக்கு அடியில துணியை மடிச்சுச் சொருகி, இழுத்த நிலையிலேயே நிறுத்தி வச்சுட்டு வெளியே வாங்க.

கேள்வி: எனக்கும் இதே கதை, மாசக்கணக்கா கார்டு போட்டுத்தான் திறக்கறேன். நிரந்தரமா சரிபண்ண முடியுமா சார்?

முடியும். மூடியைத் திறந்து வச்சுட்டு உள்ளே கீல் பக்கம் பாருங்க. வளைஞ்ச மெல்லிய தகடு ஒண்ணு இருக்கும். சில கார்ல அது மூடியிலேயே சொருகியிருக்கும், சிலதுல பாடிப் பக்கம் இருக்கும். இன்னும் சிலதுல தகடே கிடையாது, லாக் பின்னைச் சுத்தி சுருள் ஸ்பிரிங் இருக்கும். தகடுன்னா மூணு விஷயம் பாருங்க: இருக்கா, இடத்துல இருக்கா, வளைவு இருக்கா. காணோம்னா கீழே விழுந்திருக்கும், புதுசு மாட்டணும். இடம் மாறியிருந்தா சொருகிடுங்க. வளைவு செத்துப் போயிருந்தா பிளையர்ல பிடிச்சு இம்மி வளைச்சா போதும். ரொம்ப வளைச்சா மூடி சாத்தும்போது பாடியோட சமமா உட்காராது, ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கும்.

இதோட விட்டுடாதீங்க. கேப்புக்குக் கீழே, அந்தக் குழிவான இடத்தோட அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மழைத்தண்ணி, கழுவற தண்ணி எல்லாம் வடியறதுக்கு. பெரும்பாலும் அதுல மண்ணும் காய்ஞ்ச இலைத்தூளும் அடைச்சுக் கிடக்கும். தண்ணி தேங்கித்தான் தகடும் கீலும் துரு பிடிக்குது. கேப் இறுக்கமா மூடியிருக்கும்போது, வளையற பிளாஸ்டிக் குச்சியை விட்டுக் குத்தி, மேலே கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க. கீழே சொட்டினா சரி. ஸ்பிரிங்கை மாத்திட்டு இந்த ஓட்டையை விட்டவங்க திரும்ப வந்து நிக்கறதை நிறையவே பார்த்திருக்கேன்.

கேள்வி: லீவர் தொளதொளன்னு வருது. கையில எந்த இழுப்பும் தெரியலை.

லீவரையும் லாக்கையும் இணைக்கற கேபிள் ஒரு முனையில கழண்டிருக்கு, இல்லைன்னா அறுந்திருக்கு. முதல்ல லீவர் பக்கம் பாருங்க, அதுதான் சுலபம். கதவோரம் தரையில இருக்கற பிளாஸ்டிக் பட்டையைக் கிளப்பினா லீவரோட அடிப்பாகம் தெரியும். கேபிள் நுனியில மிளகு அளவுக்கு ஒரு உலோக உருண்டை இருக்கும், அது லீவரோட காடியில உட்கார்ந்திருக்கணும். தரை விரிப்பு மாத்தினதுக்கு அப்புறமோ சீட்டைக் கழட்டி மாட்டினதுக்கு அப்புறமோ இது நழுவறது சகஜம். உருண்டை காடியில இல்லைன்னா மூக்கு பிளையர்ல பிடிச்சு மாட்டுங்க.

அங்கே சரியா இருந்தா டிக்கியில, மூடி இருக்கற பக்கத்துச் சுவரை மறைச்சிருக்கற லைனிங்கை விலக்கிப் பாருங்க. கேபிளோட வெளி உறையைப் பிடிக்கற கிளிப் உடைஞ்சிருந்தா, நீங்க இழுக்கும்போது உள்கம்பிக்குப் பதிலா உறையே நகரும். அப்போ உறையை ஒரு கையால அசையாமப் பிடிச்சுக்கிட்டு உள்கம்பியை இழுத்தா இப்போதைக்கு மூடி திறக்கும். கம்பியே அறுந்திருந்தா ஒட்டுப்போடற வேலையெல்லாம் வேண்டாம், புதுக் கேபிள்தான்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். லீவர் கல்லு மாதிரி இருக்கு, பலம் போட்டு இழுக்கலாமா?

வேண்டாம். லீவர் பிளாஸ்டிக், அதுதான் முதல்ல உடையும். ஒருத்தர் மூடியை உள்பக்கமா நல்லா அழுத்திப் பிடிக்கட்டும், அதே நேரத்துல நீங்க மிதமா இழுங்க. மூடியோட அழுத்தம் பின்மேல ஏறியிருந்தா இதுலேயே விட்டுடும். விடலைன்னா கேபிள் உறைக்குள்ளே துரு. டிக்கி வழியா லாக் பின்னைக் கையால நகர்த்தித் திறங்க. இன்னொண்ணு, பல கார்ல டிக்கிக்கும் பெட்ரோலுக்கும் ஒரே லீவர். மேலே தூக்கினா ஒண்ணு, கீழே அழுத்தினா ஒண்ணு. லீவர்மேல இருக்கற படத்தை ஒரு தடவை பார்த்துடுங்க. சிரிக்காதீங்க, இதுக்காகவே வண்டியை எடுத்துக்கிட்டு வந்தவங்க உண்டு.

கேள்வி: என் காரில் லீவரே கிடையாது. மூடியை அழுத்தினால் திறக்கும். இப்போது அழுத்தினால் உள்ளே போய்விட்டு அப்படியே நிற்கிறது.

மேடம், இது சென்ட்ரல் லாக்கோட சேர்ந்த வகை. கார் லாக்ல இருந்தா மூடியும் லாக்தான். சாவி கையில இருந்தும், இன்ஜினை அணைச்சும், கதவுகள் லாக்லேயே இருக்கலாம். வண்டி ஓடும்போது தானா பூட்டிக்கற கார்கள்ல பங்க்குக்கு வந்து நிக்கும்போது இதுதான் நடக்குது. டிரைவர் கதவுல இருக்கற அன்லாக் பட்டனை அழுத்திட்டு முயற்சி பண்ணுங்க. ரிமோட்டை ஒரு தடவை அழுத்தினா டிரைவர் கதவு மட்டும் திறக்கற கார்கள்ல ரெண்டு தடவை அழுத்திப் பாருங்க.

அதுக்கும் வரலைன்னா காதை மூடிகிட்ட வச்சுக்குங்க, இன்னொருத்தர் லாக், அன்லாக்னு மாத்தி மாத்திப் போடட்டும். உள்ளே சின்ன மோட்டார் 'சிக், சிக்'னு ஓடணும். ஓடுதுன்னா மின்சாரப் பக்கம் கோளாறு இல்லை, அழுத்தற குமிழ்தான் மண் பிடிச்சு சிக்கியிருக்கு. அந்தக் குமிழோட நுனியில கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கும். அழுத்தும்போது அது திரும்பி மூடியை விடணும், அடுத்த அழுத்தல்ல திரும்பிப் பிடிக்கணும். தூசி ஏறினா பாதியில நிக்கும். நடுவுல இல்லாம, திறக்கற ஓரத்துல, உள்ளங்கையால பத்துத் தடவை வேகமா அழுத்தி விடுங்க. திறந்ததும் குமிழை ஈரத்துணியால சுத்தம் பண்ணி சிலிகான் ஸ்பிரே ஒரு பீய்ச்சு.

கேள்வி: சத்தமே வரலை. ஆனா கதவெல்லாம் ஒழுங்கா லாக் ஆகுது.

மூடிக்குன்னு தனி பட்டன் இருக்கற காரா இருந்தா ஃபியூஸை முதல்ல பாருங்க, எது எந்த ஃபியூஸ்னு பெட்டி மூடியிலேயே போட்டிருக்கும். ஃபியூஸ் நல்லா இருந்தா அந்தச் சின்ன மோட்டார், இல்லை அதுக்கு வர்ற ஒயர்.

இப்போதைக்குத் திறக்க வழி இருக்கு. நிறைய கார்ல டிக்கிக்குள்ளே, மூடி இருக்கற பக்கத்து லைனிங்குக்குப் பின்னாடி ஒரு கயிறு தொங்கும். நுனியில வளையமோ கைப்பிடியோ, கண்ணுக்குப் படற நிறத்துல இருக்கும். சிலதுல லைனிங்ல இதுக்குன்னே சின்னக் கதவு வெட்டி வச்சிருப்பாங்க. அதை மெதுவா, நேரா இழுக்கணும். பக்கவாட்டுல இழுத்தா பிளாஸ்டிக் கம்பி உடையும். கார் கையேட்டுல இடம் படத்தோட இருக்கும். பேட்டரி செத்துப்போன காருக்கும் இதே கயிறுதான். மூடி எந்தப் பக்கம்னு தெரியாத வண்டின்னா, மீட்டர்ல பங்க் படத்துக்குப் பக்கத்துல இருக்கற அம்புக்குறி சொல்லும்.

கேள்வி: அந்தக் கயிறை இழுத்தேன் அண்ணா, கையோட வந்துடுச்சு.

பரவாயில்லை. லைனிங்கைப் பிடிக்கற பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழட்டி ஒரு பக்கம் மடிச்சுவிட்டு டார்ச் அடிங்க. தீப்பெட்டி அளவுல கறுப்பா ஒரு மோட்டார் தெரியும், அதுலேர்ந்து விரல் தடிமன்ல ஒரு பின் மூடிப் பக்கமா நீளும். கயிறு கட்டியிருந்த கொக்கியை மூக்கு பிளையர்ல பிடிச்சுப் பின்னாடி இழுங்க. எட்டலைன்னா மோட்டாரையே கழட்டிடலாம், ரெண்டு ஸ்க்ரூ, இல்லை கால்வாசி சுத்து திருப்பினா வர்ற வகை. மோட்டார் பின்னோட வெளியே வந்துட்டா மூடியைப் பிடிக்க எதுவும் இல்லை. தகர ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்குங்க. என் கட்டைவிரல்ல இன்னும் தழும்பு இருக்கு.

கேள்வி: பனி கொட்டும் ஊர். காலையில் மூடி உறைந்துபோய் நிற்கிறது. வெந்நீர் ஊற்றலாமா?

கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க. அது பெயின்ட்டுக்கும் ஆகாது, வழிஞ்ச தண்ணி திரும்ப உறைஞ்சு இன்னும் இறுக்கும். மூடியைச் சுத்தி முஷ்டியால தட்டினா ஐஸ் விரிசல் விடும். ஐஸை உருக்கற டி-ஐசர் ஸ்பிரே இடுக்கில அடிச்சு ரெண்டு நிமிஷம் காத்திருந்து அழுத்துங்க. லைட்டர், ஹீட் கன் எதையும் அந்தப் பக்கம் கொண்டு போகவே கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: டபிள்யூடி-40 அடிச்சா போதாதா? எல்லாத்துக்கும் அதுதானே மருந்து?

பேர்லேயே பதில் இருக்கு. டபிள்யூடின்னா 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்'. தண்ணியை விரட்டறதுக்காக 1953-ல உருவாக்கினது, 40-வது முயற்சியில சரியா வந்த கலவை. துருவைத் தளர்த்தும், சிக்கினதை விடுவிக்கும். ஆனா சீக்கிரம் காய்ஞ்சுடும், வழவழப்பு நிக்காது. அதுல தளர்த்தி, துடைச்சு, அப்புறம் கீலுக்கும் பின்னுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு பொட்டு வைங்க. கிரீஸை அப்பினா மண்ணை இழுத்து வச்சுக்கும். கேப் ரப்பர்மேல எதுவும் படவேண்டாம்.

கேள்வி: பிளக்-இன் ஹைப்ரிட். பட்டனை அழுத்தினால் உடனே திறப்பதில்லை, பழுதா?

பழுது இல்லை. சார்ஜ் போட்ட பேட்டரியிலேயும் ஓடற வண்டிங்கறதால, அந்த வகையில இன்ஜின் பல நாள் ஓடாமலே இருக்கும், அதனால பெட்ரோல் ஆவி வெளியே போகாம டேங்க்கை சீல் பண்ணி வச்சிருக்காங்க. பட்டனை அழுத்தினா முதல்ல உள்ளே இருக்கற அழுத்தத்தை இறக்கிட்டுத்தான் மூடியை விடும். மீட்டர்ல செய்தி வர்ற வரைக்கும் பொறுங்க. வெயில்ல நின்ன வண்டின்னா கொஞ்சம் கூடவே பொறுக்கணும்.

கேள்வி: கேப்பைத் திறந்தால் 'உஸ்'ஸென்று காற்று வருகிறது.

லேசா வந்தா இயல்பு. ஒவ்வொரு தடவையும் கேப்பைத் திருப்பவே முடியாத அளவுக்கு உள்ளே இழுத்துப் பிடிச்சா, டேங்க் மூச்சுவிடற வழி அடைச்சிருக்கு. மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

கேள்வி: வேனில் பெட்ரோல் மூடி திறந்திருந்தால் நகரும் கதவு பாதியில் நின்றுவிடுகிறது.

மூடியில இடிக்கக்கூடாதுன்னு வேணும்னே வச்ச தடுப்பு. மூடியைச் சாத்துங்க, கதவு முழுசாத் திறக்கும்.

கேள்வி: இடிபட்ட இடத்துக்கு பெயின்ட் அடிச்சு வாங்கினோம். அதிலிருந்து மூடி வரலை.

பெயின்ட் இடுக்கில இறங்கி ஒட்டியிருக்கு. நெம்பினா புது பெயின்ட் தாளா உரியும். அடிச்சவங்ககிட்டேயே கொண்டு போங்க, வெட்டிவிட வேண்டியது அவங்க பொறுப்பு. மூடியைச் சுத்தி இடைவெளி ஒரே சீரா இருக்கான்னும் அவங்க முன்னாடியே பாருங்க. ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் ஒட்டினாப்ல இருந்தா தகரமே நேரா இல்லை.

கேள்வி: அண்ணே, பங்க்கில நின்னவன்தான். பெட்ரோல்காரர் லீவரைப் பிடிச்சார், நான் அழுத்தினேன், திறந்துடுச்சு. பெட்ரோல் போட்டாச்சு. மூடிட்டுக் கிளம்பவா?

கேப்பை 'டிக் டிக்'னு சத்தம் வர்ற வரைக்கும் திருகுங்க. வெளி மூடியைச் சாத்தறதுக்கு முன்னாடி கீல் பக்கம் பாருங்க, தகடு கீழே கிடந்தா எடுத்து வச்சுக்குங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் மூடியோட திறக்கற ஓரத்துல ஒரு துண்டு டேப்பை ஒட்டி, நுனியை வெளியே நீட்டிவிடுங்க. அடுத்த தடவை லீவரை ஒருத்தர் பிடிச்சா, டேப்பைப் பிடிச்சு இழுத்தா போதும்.