முகத்தில் வெட்டு விழுந்த ரோமானியப் பொற்காசு: உருக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பாட்டி சங்கிலியில் டாலராகப் போட்டிருந்த தங்கக் காசு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆண் முகம், அதன் குறுக்கே ஆழமான வெட்டு. மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண். வளையத்தோடு எடை 8.3 கிராம். வெட்டை அடைத்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார் பத்தர். நகைக்கடையில் உருக்கிவிடச் சொல்கிறார்கள். இது ரோமானியக் காசா? என்ன செய்வது?

பதில்: உருக்க வேண்டாம். பத்தரிடமும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் குறை என்று நினைக்கும் அந்த வெட்டுதான் இந்தக் காசில் மிக முக்கியமான தடயமாக இருக்கக்கூடும்.

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காகுறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மேல் உளியால் வெட்டிய கோடு இருந்தது. தேய்ந்துபோன காசுகளை இனி எண்ணிக்கைக்கு வாங்க வேண்டாம், எடைக்கு மட்டும் வாங்குங்கள் என்று காட்டவே அப்படிச் செய்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று பார்த்த வெட்டு என்றும் சொல்வதுண்டு. சோதிப்பதற்கு எந்தப் பக்கம் வெட்டினாலும் போதும். தேடித்தேடி முகத்தையே வெட்டியிருப்பதால் முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. பற்றுவைத்து அடைத்துவிட்டால் இந்தச் சான்று போய்விடும்.

நீங்கள் சொல்லும் அமைப்பு திபேரியஸ் மன்னரின் காசோடு ஒத்துப்போகிறது. முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர் திபேரியஸ். கி.பி. 14-ல், 54 வயதில் அரியணை ஏறி 37 வரை ஆண்டார். கடைசிப் பத்தாண்டுகளை காப்ரி தீவில் ஒதுங்கியே கழித்தார். அவருடைய அரசு காசின் வடிவத்தை அடிக்கடி மாற்றவில்லை. நாற்காலிப் பெண் உள்ள வடிவம் ஆண்டுக்கணக்கில் லுக்துனும் நகரில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், அச்சாகிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் லிவியாதான் என்று பலர் கருதுகிறார்கள். ஒரு கையில் நீண்ட செங்கோல், மறு கையில் மரக்கிளை இருக்கும். சுற்றிலும் ‘பொன்டிஃப் மாக்ஸிம்’, அதாவது தலைமைப் பூசாரி என்ற எழுத்து.

முகப் பக்கத்தில் ஓர் இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்து டி, ஐ என்று தொடங்கினால் உடனே திபேரியஸ் என்று முடிவுகட்டக் கூடாது. கிளாடியஸ் மன்னரின் முழுப்பெயரும் திபேரியஸ் என்றே தொடங்கும். அடுத்த எழுத்துகளைப் பாருங்கள். சி, ஏ, ஈ, எஸ், ஏ, ஆர் என்று ‘சீசர்’ வந்தால் திபேரியஸ்; சி, எல், ஏ என்று வந்தால் கிளாடியஸ். ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும், அது பிழையல்ல. எழுத்துகள் குழம்பி, சொல்லே ஆகாமல் இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். ரோமானியக் காசைப் பார்த்து அந்தக் காலத்திலேயே இந்தியாவில் செய்த காசுகளும் உண்டு.

நம் வீடுகளில் டாலராகும் பழைய காசு பெரும்பாலும் பிரிட்டிஷ் சவரன்தான். அதில் வருடம் அச்சாகியிருக்கும், விளிம்பில் பல் இருக்கும், அகலம் 22 மில்லிமீட்டர். ரோமானியக் காசு 18 முதல் 20 மில்லிமீட்டர்தான், ஆனால் தடிமன் கூட. விளிம்பில் பல் இருக்காது, வட்டமும் சரியாக இராது. திபேரியஸ் காசு தேயாமல் இருந்தால் 7.7, 7.8 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. (பின்னால் வந்த நீரோ மன்னர் கி.பி. 64-ல் எடையைச் சுமார் 7.3 கிராமாகக் குறைத்தார்.) உங்கள் 8.3-ல் வளையம் அரை கிராம் என்று வைத்தால் கணக்கு பொருந்துகிறது.

வளையத்தைக் கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க நீரில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 8.3-ஐ வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 0.43, 0.44 என்று காட்டினால் அடர்த்தி 19-ஐ ஒட்டி வரும், அதாவது ஏறக்குறைய சுத்தத் தங்கம். 0.47 காட்டினால் 22 காரட், சவரனாகவோ பிற்காலப் போலியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வளையத்தின் உள்ளே காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடி, நல்ல காசும் மட்டமாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை மெல்ல ஆட்டிவிட்டு மூன்று முறை எடை பாருங்கள்.

ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியில் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல், அமிலம், வெட்டி உருக்கும் சோதனை எதற்கும் சம்மதிக்காதீர்கள். திபேரியஸ் காசில் தங்கம் 98 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பற்றுவைத்த இடத்தைத் தவிர்த்து, காசின் நடுவில் அளக்க வேண்டும்.

தங்கம் சுத்தம் என்பதால் மட்டும் காசு பழசாகிவிடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வெட்டைப் பாருங்கள். பழைய வெட்டின் ஓரம் மழுங்கி, பள்ளத்தில் அழுக்கு இறுகியிருக்கும். புது வெட்டின் ஓரம் கூராக எழும்பி, உள்ளே பளபளக்கும். எழுத்துகள் கரைந்த சோப்பு போல வழவழவென்று இருந்தாலோ, ஊசிமுனைக் குழிகள் நிறைய தெரிந்தாலோ, விளிம்பில் இணைப்புக்கோடு ஓடினாலோ அது அச்சில் அடித்ததல்ல, வார்த்தது. ரோமானியர்கள் பொற்காசை அடித்துத்தான் செய்தார்கள்.

புளி, பூந்திக்கொட்டை, பல்பொடி எதுவும் போடாதீர்கள். பாலிஷ் மேற்பரப்பையே அரித்துவிடும். விளிம்பில் பிடித்து எடுத்து, காகித உறையில் வையுங்கள்.

சட்டம்: 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். இதே காசு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அதனால் காசு யாருக்கு யார் கொடுத்தது, பாட்டி எப்போதிருந்து அணிந்தார், அவர் அதை அணிந்த பழைய போட்டோ இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.

பிறகு பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி இரு பக்கத்தையும் விளிம்பையும் படமெடுங்கள், ஓரத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்து. எடை, அடர்த்தி, அந்தக் குறிப்பு எல்லாம் சேர்த்து, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவுக்கு எழுதி, காசை நேரில் காட்ட நேரம் கேளுங்கள். வளையத்தை எடுப்பதா விடுவதா என்பதை அவர்கள் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.