கேள்வி – பதில்: கதவுக்குள் நுழைகிற காபிக் கடை

கேள்வி: ஐயா, கல்யாண மண்டபம், அலுவலகக் கூடம் என்று இடத்துக்கு இடம் கொண்டுபோய் வைக்க ஒரு மரக் காபிக் கடை செய்து தரச் சொல்கிறார்கள். என்னிடம் தேக்குப் பலகை நிறைய இருக்கிறது. முழுக்கத் தேக்கிலேயே செய்யலாமா? அளவு எப்படி வைப்பது?
– வாசகர், ரங்கூன்

பதில்: முகப்புக்கும் மேல்பலகைக்கும் விளிம்புக்கும் தேக்கு போடுங்கள். உடம்பு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டாக இருக்கட்டும். எட்டுக்கு நாலடி பிளைவுட் 30 முதல் 35 கிலோ வரும். அதே அளவில் ஓர் அங்குலத் தேக்கு ஐம்பது கிலோவை நெருங்கும். மாடிப்படியில் தூக்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

மழைக்கால ஈரத்தில் பலகை அகலவாக்கில் உப்பும். ஏசி அறைக்குள் போனால் சுருங்கும். தேக்கில் இந்த அசைவு குறைவுதான். ஆனாலும் இரண்டடி அகல மேல்பலகையை நாலு மூலையிலும் இறுக்கித் திருகினால் விரிசல் விடும். அடிச்சட்டத்தில் திருகாணித் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீளத் துளையாகப் போட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு நகரும்.

மரத்தை அறுக்கும் முன் கதவை அளந்துவிடுங்கள். முப்பது அங்குலக் கதவிலும் திறந்த கதவின் கனம் போக வழி குறையும். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் 26 அங்குல ஆழம், 4 அடி நீளம், 36 அங்குல உயரம். மெஷினுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று, பரிமாற ஒன்று என மூன்று போதும். வாடிக்கையாளர் பக்கத்துப் பலகை 42 அங்குல உயரத்தில், கீலில் மடங்கட்டும்.

பெட்டிகளை மரத் திருகாணியால் இணைக்கவே கூடாது. நாலைந்து முறை கழற்றி மாட்டினால் பிளைவுட் விளிம்பில் துளை தளர்ந்து, கடை ஆடும். ஓர் இணைப்புக்கு 8 மில்லிமீட்டர் போல்ட் நான்கு, மறுபக்கம் பதித்த மரை, அகல வாஷர். இரண்டு மரமுளைகளும் வைத்தால் துளைகள் தாமாக நேருக்கு நேர் நிற்கும்.

நாலு அங்குல ரப்பர்ச் சக்கரம், பிரேக்குடன் வாங்குங்கள். மேடுபள்ளத் தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றுவிடும். அதனால் எடையை மூன்றால்தான் வகுக்க வேண்டும்: 240 கிலோ பெட்டிக்குச் சக்கரம் ஒவ்வொன்றும் 80 கிலோ தாங்க வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் என்றால் கழிவுக்கு 25 லிட்டர். மீந்த காபியும் பனிக்கட்டியும் அதில்தான் சேரும். இரண்டையும் அடித்தட்டில் வைத்தால் கடை கவிழாது. குழாய்க்கு வெட்டிய துளையை மட்டும் சும்மா விடாதீர்கள். பிளைவுட்டின் உள்விளிம்பு பூச்சில்லாமல் இருந்தால் தண்ணீரைக் குடித்து, அடுக்கடுக்காக வாய் பிளக்கும். அறுத்த விளிம்பு எல்லாவற்றுக்கும் பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று பூச்சு, இடையிடையே மெல்லிய உப்புத்தாள்.

3,000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன் கேளுங்கள். ஃப்ரிட்ஜோடு ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகினால் வயர் சூடேறும்.

கேள்வி: தேக்குச் சட்டத்தை ஒட்டினால் சில மாதத்திலேயே மூட்டு விட்டுவிடுகிறது. பசை கோளாறா?
– வாசகி, மோல்மேன்

பதில்: அநேகமாகப் பசை அல்ல அம்மா, தேக்கின் எண்ணெய்தான். இழைத்து நாள்கணக்கில் வைத்தால் அது மேலே கசிந்து பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுகிற அன்றே இழைத்து, அசிடோன் நனைத்த வெள்ளைத் துணியால் மஞ்சள் கறை வருவது நிற்கும்வரை துடைத்து, காய்ந்ததும் எபாக்ஸிப் பசை தடவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அசிடோன் பக்கத்தில் அடுப்பு ஆகாது.