சர்ச்சில் ரயில் ஏன் ஊர்ந்து போகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குளிர்நாட்டு ரயில்பாதைகள் பற்றிய கட்டுரையில் கனடாவின் ஹட்சன் விரிகுடா ரயில்பாதையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அதன்பின் நானாகத் தேடிப் படித்தேன். வின்னிபெக் நகரத்திலிருந்து வடக்கே விரிகுடாக் கரையிலிருக்கும் சர்ச்சில் என்ற ஊருக்கு 1,697 கி.மீ.; போய்ச் சேரக் கிட்டத்தட்ட இரண்டு நாள். 2017-இல் வெள்ளம் பாதையை அறுத்தபின் ஒன்றரை ஆண்டு ரயிலே ஓடவில்லையாம். எனக்கு மூன்று சந்தேகங்கள். உறைந்த மண் பாறைபோல இறுகித்தானே இருக்கும், அதன்மேல் போட்ட பாதை ஏன் அமிழ வேண்டும்? சீனர்கள் திபெத்தில் அதே உறைநிலத்தின்மேல் 100 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறார்களே, கனடாவால் ஏன் முடியவில்லை? உடைந்த பாதையைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு ஆனது வேலையின் கடினத்தாலா, அலட்சியத்தாலா?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பழுதுபார்க்கும் வேலை நடந்தது இரண்டு மாதம். அதற்கு முன்னால் போன பதினைந்து மாதமும் யார் செலவு செய்வது என்ற சண்டையில் போனது. ஏன் அப்படி ஆனது என்பதற்குப் பாதையின் கதை முழுக்கத் தெரிய வேண்டும். மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

மானிடோபா மாகாணத்தின் த பா என்ற ஊரில் பாதையின் மைல் கணக்கு தொடங்குகிறது. சர்ச்சில் 510-ஆவது மைல். தெற்கே நிரந்தர உறைநிலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். வடக்கே போகப்போகத் திட்டுகள் பெருகி, சர்ச்சில் பக்கத்தில் தரை முழுக்க உறைநிலமாகிவிடும். அதிகத் தொல்லை கொடுப்பது கடுங்குளிரான வடமுனை என்று நினைப்போம். உண்மையில் தொல்லை நடுவில்தான், 326-ஆவது மைலில் இருக்கும் கில்லம் என்ற ஊரைத் தாண்டிய பகுதியில். அங்கே உறைந்த மண்ணின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே இருந்தாலே அதிகம். பாறைபோல இறுகியிருக்கிறது என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த இறுக்கம் அரை டிகிரியில் போய்விடும்.

அந்தத் திட்டுகள் இன்னும் கரையாமல் இருப்பதற்குக் காரணம் மேலே போர்வையாகக் கிடக்கும் பீட் மண். பாசியும் செடிகளும் முழுக்க மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பஞ்சு போன்ற மண் அது. கோடையில் மேல்பகுதி காய்ந்துவிடும். காய்ந்த பஞ்சு வெயிலைக் கீழே விடாது. இலையுதிர் காலத்தில் நீரை உறிஞ்சிக்கொண்டு அப்படியே உறையும். பனிக்கட்டி நீரைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதால், குளிர்காலத்தில் அதே போர்வை பூமியின் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. கோடையில் அடைத்து, குளிரில் திறக்கும் கதவு.

ரயில்பாதை போட்டவர்கள் இந்தக் கதவை உடைத்தார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பீட்டின்மேல் சரளைக்கல் மேடு ஏறியதும் பஞ்சு நசுங்கியது. கருங்கல் வெயிலை வாங்கிக் கீழே அனுப்பியது. மேட்டின் இரு சரிவுகளிலும் காற்றடித்த பனி குவிந்து, குளிர்காலக் காற்று மண்ணைத் தொடாமல் கம்பளிபோல மூடிக்கொண்டது. ஓரத்துப் பள்ளங்களில் தேங்கிய நீர் கோடைச் சூட்டைச் சேர்த்து வைத்தது. இப்படி நாலு பக்கமும் சூடு ஏற, உள்ளே இருக்கும் பனிக்கட்டி உருகி மண் உட்கார்ந்துவிடுகிறது.

எல்லா இடத்திலும் ஒரே அளவில் உட்கார்ந்தால்கூடச் சமாளிக்கலாம். உறைந்த திட்டு சுற்றியிருக்கும் சதுப்பைவிட ஒரு மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கும். அந்தத் திட்டு முடிந்து சதுப்பு தொடங்கும் விளிம்பில்தான் பள்ளம் விழும். இரு பக்கமும் கெட்டியாக நிற்க, நடுவில் சில பத்து மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் தொட்டில்போலத் தொங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத் தண்டவாளம் மற்றதைவிட அதிகம் இறங்கும். வண்டியைத் தடம்புரட்டுவது அதுதான்.

பள்ளம் விழுந்தால் செய்வது நம் ஊர் கேங்மேன்களுக்குத் தெரிந்ததேதான். காஷன் ஆர்டர் போட்டு வேகத்தைக் குறைப்பார்கள். ஜல்லி கொட்டி, ஜாக்கியால் பாதையைத் தூக்கி, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான ஸ்லீப்பர்களுக்கு அடியில் ஜல்லியைத் திணித்துப் பாக்கிங் செய்து, இரண்டு தண்டவாளமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஆனால் கொட்டும் ஒவ்வொரு லோடு ஜல்லியும் இன்னும் எடை, இன்னும் சூடு. அடுத்த கோடையில் அதே இடம் மறுபடி இறங்கும். பல ஆண்டுகள் இப்படியே கொட்டிக்கொட்டிச் சில இடங்களில் ஜல்லியே மீட்டர் கணக்கில் ஆழமாகிவிட்டது.

குளிர்காலத்தில் அந்த வேலைக்கும் வழியில்லை. ஜல்லி கான்கிரீட்போல உறைந்திருக்கும். ஈரமான இடங்களில் மண் உறைந்து உப்பிப் பாதையை மேலே தள்ளும். மேடு ஏறிய இடத்தை இறக்க முடியாது என்பதால் அதன் இரு பக்கத்தையும் உயர்த்துவார்கள். ஸ்லீப்பர் ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத்தைத் தாங்கும் தகட்டுக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவே மரத்துண்டு செருகி, நீளமான ஆணி அடித்து, மேட்டை நீண்ட சரிவாக மாற்றுவார்கள். வசந்தத்தில் மண் இறங்க இறங்க அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றுவதில் தாமதமானால், குளிரில் பாதையைக் காத்த அதே துண்டு கோடையில் செயற்கை மேடாகிவிடும்.

வெப்பக் குழாய் என்றொரு தீர்வையும் 1980-களில் இந்தப் பாதையின் பள்ளங்களில் பொறியாளர்கள் சோதித்தார்கள். மூடிய இரும்புக் குழாய்க்குள் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்து, கீழ்முனை மண்ணுக்குள்ளும் மேல்முனை காற்றிலும் இருக்கும்படி நடுவது. குளிர்காலத்தில் கீழே இருக்கும் திரவம் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே போகும்; குளிர்ந்த காற்றில் மீண்டும் திரவமாகி வழியும். மோட்டார், மின்சாரம் எதுவும் வேண்டாம். கோடையில் மேல்முனை சூடாக இருப்பதால் தானாகவே நின்றுவிடும். அருமையான கருவி. பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, வண்டிகள் வாரத்துக்குச் சில மட்டும் ஓடும் பாதையில் எல்லா இடத்திலும் அதை நட யார் பணம் போடுவார்கள்?

திபெத்துக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. கோல்மூத்திலிருந்து லாசா வரை 1,142 கி.மீ.; 2006-இல் திறந்தார்கள்; அதில் 550 கி.மீ. அளவுக்கு உறைநிலம். வெப்பக் குழாய்களும், காற்று புகுந்து வெளியேறும் பெரிய கற்களாலான மேடும், மிகவும் மோசமான இடங்களில் தரையைத் தொடாமலே போகும் பாலமும் முதல்நாளிலிருந்தே வரைபடத்தில் இருந்தன. அங்கே நிலம் வறண்டது, பனிப்பொழிவும் குறைவு. ஹட்சன் விரிகுடாப் பாதையோ பீட்டும் நீரும் நிறைந்த சமவெளியில், இந்த அறிவு எதுவும் இல்லாத 1910-களிலும் 20-களிலும் போட்டது. இரண்டையும் ஒப்பிட்டுக் கனடியர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

அத்தகைய நிலத்தில் பாதை போட யார் கேட்டார்கள்? மேற்குச் சமவெளியின் கோதுமை விவசாயிகள். கிழக்குத் துறைமுகங்கள் வரை ரயில் கட்டணம் கொடுத்துக் கைசலித்தவர்கள். சர்ச்சிலிலிருந்து லிவர்பூலுக்கான கடல்தூரம் மாண்ட்ரியலிலிருந்து போகும் தூரத்துக்கு ஏறக்குறைய சமம். ரயிலில் ஏற்ற வேண்டிய தூரமோ மிகக் குறைவு. அவர்கள் கணக்கு சரியானது. ஆனால் அரசு முதலில் தேர்ந்தெடுத்த துறைமுகம் சர்ச்சில் இல்லை, நெல்சன் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த போர்ட் நெல்சன். வண்டல் மூடிய ஆழமில்லாத இடம். கப்பல் நிற்பதற்காக ஆற்றுக்குள் செயற்கைத் தீவு ஒன்றை உருவாக்கி, கரையிலிருந்து அதற்கு 17 கண் இரும்புப் பாலமும் கட்டினார்கள். முதல் உலகப்போரில் வேலை நின்றது. தண்டவாளம் அப்போது கெட்டில் ரேப்பிட்ஸ் வரை, 332-ஆவது மைலுக்கு வந்திருந்தது. 1926-இல் மீண்டும் தொடங்கியபோது பிரெடரிக் பால்மர் என்ற பிரிட்டிஷ் பொறியாளரை வரவழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர் 1927-இல் சர்ச்சிலைக் கைகாட்டினார். அங்கே இயற்கையிலேயே ஆழமான துறைமுகம் இருந்தது. வரைபடத்தைப் பார்த்தால் கிழக்கே கடலை நோக்கிப் போன பாதை, கில்லத்தைத் தாண்டி ஏமரி என்ற இடத்தில் சட்டென்று வடக்கே திரும்புவது தெரியும். கைவிட்ட துறைமுகத்தின் தழும்பு அது. அந்தத் தீவும் பாலமும் இன்றும் ஆளில்லாமல் நிற்கின்றன.

கடைசிப் பகுதியின் தண்டவாளத்தை 1928-29 குளிர்காலத்தில், உறைந்து கெட்டிப்பட்ட தரையின்மேலேயே வேகமாகப் போட்டுக்கொண்டு போனார்கள். ஜல்லி வேலை பிறகு. 1929 மார்ச் 29-இல் தண்டவாளம் சர்ச்சிலைத் தொட்டது. 1931-இல் பார்ன்வொர்த், வார்க்வொர்த் என்ற இரண்டு கப்பல்கள் முதல் கோதுமையை ஏற்றிச் சென்றன. உறைந்த சதுப்பு வண்டியைத் தாங்கும், உருகினால் தாங்காது. அன்று நேரத்தை மிச்சம் பிடித்ததன் விலையைக் கிட்டத்தட்ட நூறாண்டுகளாகப் பராமரிப்புக் குழுக்கள் கொடுத்துவருகின்றன.

மண்ணின் பலவீனம் வண்டியின் வடிவத்தையே தீர்மானித்தது. கனடாவின் மற்ற இடங்களில் தானியம், மேலே நிரப்பி அடியில் திறந்து கொட்டும் ஹாப்பர் வாகன்களுக்கு மாறிய பிறகும், இங்கே 1990-கள் வரை பழைய மூடிய பெட்டி வாகன்களில்தான் போனது. பெட்டி வாகன் சுமையோடு 80 டன், அதாவது அச்சுக்கு 20 டன். ஹாப்பர் 119 டன், அச்சுக்கு 30. எடை ஒரு சிக்கல் என்றால் ஆட்டம் இன்னொன்று. 39 அடிக்கு ஒரு ஜாயின்ட் உள்ள தண்டவாளத்தில், இடது ஜாயின்டும் வலது ஜாயின்டும் ஒன்றுவிட்டு ஒன்று வரும். உயரமான ஹாப்பர் சுமார் 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் போனால் ஜாயின்ட் தட்டும் தாளமும் வண்டி இயல்பாக ஆடும் தாளமும் ஒன்றாகிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஆட்டம் கூடிக்கூடிச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும். மெதுவாகப் போனால் பத்திரம் என்று பொதுவாகச் சொல்கிறோம். பழைய பாதையில் சில வேகங்கள் மெதுவாக இருந்தும் ஆபத்தானவை.

இன்னொன்று: பயண நேரத்தில் வேகக் கட்டுப்பாடு தவிர, பாதை சுற்றிப் போவதும் சேர்ந்திருக்கிறது. வின்னிபெக்கிலிருந்து கிளம்பும் வண்டி பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவனுக்குள் நுழைந்துதான் த பாவுக்கு வருகிறது. பிறகு தாம்சன் கிளைப்பாதையில் உள்ளே போய், நின்று, அதே வழியில் வெளியே வருகிறது.

இப்போது 2017. அந்த மார்ச்சில் சர்ச்சில் பகுதியை மூன்று நாள் பனிப்புயல் மூடியது. பின்னர் பனி வேகமாக உருகியது. இந்தப் பாதையில் வெள்ளம் வரும் விதம் தனி. மேட்டுக்கு அடியில் போகும் குழாய் மதகுகள் குளிர்காலத்தில் உள்ளே முழுக்க உறைந்து அடைத்துக்கொள்ளும். வெயிலில் கிடக்கும் பனி முதலில் உருகும். நிழலில் குழாய்க்குள் கிடக்கும் பனிக்கட்டி கடைசியில்தான் உருகும். அதற்குள் வந்த நீருக்கு வழியில்லை. ரயில்மேடு அணையாக மாறி ஒரு பக்கம் நீரைத் தேக்கும். நீர் மேலேறி வழிந்தால் முதலில் ஜல்லி போகும், பிறகு மண். தண்டவாளமும் ஸ்லீப்பரும் நூலேணிபோல அந்தரத்தில் மிஞ்சும். நீராவி பாய்ச்சி மதகைத் திறந்துவிடும் வேலை ஏப்ரல், மே மாதங்களில் இங்கே எதைவிடவும் அவசரம்.

மே 23 அன்று போக்குவரத்து நின்றது. பாதை அப்போது ஆம்னிட்ராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. கனடியன் நேஷனல் என்ற ரயில் நிறுவனம் 1997-இல் பாதையை அதற்கு விற்றிருந்தது. மேடு 19 இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது, ஐந்து பாலங்கள் சேதம், இன்னும் சுமார் 30 பாலங்களையும் 600 மதகுகளையும் சோதிக்க வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது. செலவை அரசு ஏற்க வேண்டும் என்றது நிறுவனம். ஒப்பந்தப்படி உங்கள் கடமை என்றது அரசு. விஷயம் நீதிமன்றம் போனது. சாலையே இல்லாத ஊருக்குப் பாலும் காய்கறியும் விமானத்தில் வந்தன. சர்ச்சிலில் சிக்கிக்கொண்ட பயணிகள் ரயிலை, எஞ்சினும் பெட்டிகளுமாக, அந்த அக்டோபரில் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள்.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு உண்மை உண்டு. மேற்குச் சமவெளியின் கோதுமையைத் தான் ஒருவராகவே விற்றுவந்த கனடிய கோதுமை வாரியத்தின் ஏகபோகம் 2012-இல் முடிந்ததும் தானியம் வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டது. 2016-இல் துறைமுகத்தில் தானிய ஏற்றுமதியே நின்றது. வருமானம் போன பாதையில் எந்த முதலாளியும் பணத்தைக் கொட்ட மாட்டார். என் வாதமும் அதுவேதான்: இந்த மண்ணில் பாதையை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் ஜல்லிக்கும் மதகுக்கும் செலவழித்தே தீர வேண்டும், லாபக் கணக்கை வைத்து அதை முடிவுசெய்பவரிடம் பாதை இருக்கக்கூடாது. 2018 ஆகஸ்ட் 31-இல், வடக்கின் சமூகங்களும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்த ஆர்க்டிக் கேட்வே குழுமம் பாதையையும் துறைமுகத்தையும் வாங்கியது. அக்டோபர் 31-இல் பாதை இணைந்துவிட்டது. டிசம்பரில் பயணிகள் ரயில் சர்ச்சிலுக்கு வந்தது. 2021-இல் மற்ற பங்குதாரர்கள் விலக, உரிமை முழுவதும் வடக்கின் முதற்குடிச் சமூகங்களிடமும் ஊர்களிடமும் வந்தது. திக்கெட் போர்ட்டேஜ், பிக்விட்டொனே, இல்போர்ட் போன்ற ஊர்களுக்கு எல்லாப் பருவத்துக்குமான சாலை இன்றும் கிடையாது. மதகு அடைத்தால் பட்டினி யாருக்கோ, அவர்கள் கையில் சாவி இருப்பது சரி.

அங்கே போக நேர்ந்தால் கில்லத்துக்கு வடக்கே ஜன்னலோரம் உட்காருங்கள். பழைய தந்திக் கம்பங்கள் மும்மூன்றாகச் சாய்த்துக் கூம்பாகக் கட்டப்பட்டு நிற்கும். குழிதோண்டி நட்ட கம்பத்தை உறைபனி பிடித்து ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும் என்பதால், நடாமல் தரைமேல் நிறுத்திவைத்தார்கள். வண்டி சட்டென்று நடைவேகத்துக்கு வந்தால் வெளியே எட்டிப் பாருங்கள். குட்டை ஸ்ப்ரூஸ் மரங்கள் முடிந்து கோரைப்புல் சதுப்பு தொடங்கும் விளிம்பாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.