உடைந்த ஊசியைத் தயங்காமல் கொண்டுவரும் இடம்

உங்கள் நிறுவனத்தில் 60 பேர் பணிபுரிவதாகவும், மாதந்தோறும் கூட்டம் நடத்தியும் கருத்துப்பெட்டி வைத்தும் யாரும் எதையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்றும், நல்ல பணிப் பண்பாட்டை எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள், நண்பரே. என்ன தொழில் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆயினும், பெட்டி காலியாகக் கிடப்பதற்கு ஊழியர்களின் குணமே காரணம் என்று நீங்கள் எண்ணுவதாகத் தோன்றுவதால், திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் விடை ஒன்றே: கெட்ட செய்தியோடு வருபவருக்கு உங்கள் நிறுவனத்தில் என்ன நேர்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

எங்கள் தொழிலில் தையல் ஊசி உடைவது அன்றாடம் நடப்பது. தோள் இணைப்பு, கழுத்துப் பட்டி சேரும் இடம் எனத் துணி பல மடிப்பாகத் தடிக்கும் இடங்களில் ஊசி வளைந்து முறியும். முறிந்தவுடன் டெய்லர் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நேரம், லைன் (இயந்திர வரிசை), இயந்திர எண் ஆகியவற்றை எழுதிய பிறகே புது ஊசி தரப்படும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டிலுள்ள ஆடைகள் அனைத்தையும் ஒதுக்கி வைத்து, காந்தத்தால் தேடி, ஊசி கண்டறியும் இயந்திரத்தில் செலுத்திப் பார்க்க வேண்டும். கைக்குழந்தை அணியும் ஆடையில் ஊசிமுனை இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் இந்த விதி தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஊசி கேட்டு வருபவரை லைன் சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் அவமதிப்பார். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில், தைப்பவருக்கு இயந்திரம் நின்ற நேரமெல்லாம் கூலி இழப்பு. இதற்கு மேல் ஊசிக்கான காசையும் சம்பளத்தில் பிடித்தார்கள். (அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே, முன்கூட்டி அறிவிக்காத காரணத்திற்காகவும், ஊழியரின் விளக்கத்தைக் கேட்காமலும் அபராதம் விதிக்கக் கூடாது என்றது, அதையெல்லாம் அங்கே யார் பார்த்தார்கள்?) விளைவு, டெய்லர்கள் கடையில் தாங்களே ஊசி வாங்கிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். பதிவேடு வாரக்கணக்கில் வெறுமையாக இருக்கும். வெளித் தணிக்கைக்கு முன்தினம் பழைய ஊசிகளை முறித்து ஒட்டி அதை நிரப்புவார்கள். ஒரு நாள் இறுதிச் சோதனையில் குழந்தைச் சட்டை ஒன்றில் ஊசிமுனை அகப்பட்டது. கட்டி முடித்த பெட்டிகள் அனைத்தையும் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண்ணை வேலையைவிட்டு அனுப்பியதோடு விசாரணை முடிந்தது. அந்தப் பெண்ணை அனுப்பியது அநியாயம் என்று எழுத்தில் கொடுத்தேன், பதில் வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை, ஏனெனில் ஊசியை மறைக்கும்படி அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நிறுவனம்தான்.

அடுத்து நான் சேர்ந்த இடத்தின் முதலாளி, தாமே சிறுவயதில் கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவர். அவர் மூன்று மாற்றங்களைச் செய்தார். ஊசி கேட்டால் காரணம் கேட்காமல் கொடுக்கச் சொன்னார். இயந்திரம் நின்ற நேரத்திற்கு அந்த டெய்லரின் சராசரிக் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தார். அந்த நிமிடங்களை லைனின் மணிக்கணக்கு இலக்கிலிருந்து கழித்தார். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் நிலைக்கச் செய்தது என்பது என் உறுதியான கருத்து. சூப்பர்வைசர்கள் பிறவியிலேயே கடுமையானவர்கள் அல்லர். மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதி, குறைந்தால் அவர்களை மேலே அழைத்துத் திட்டினால், அந்தத் திட்டு கீழே இறங்காமல் எங்கே போகும்?

அப்படியும் தொடக்கத்தில் யாரும் நம்பவில்லை. ஒரு மாலை, லாரி வாசலில் நிற்கும் நேரத்தில், மூத்த டெய்லர் அக்கா ஒருவர் எழுந்து வந்து, "ஊசி உடைஞ்சு போச்சுங்க சார், ஒரு துண்டு காணோமுங்க" என்றார். லைன் முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆடைக் கட்டை ஒதுக்கிவைத்தோம். லாரி காத்திருந்தது. முதலாளி தாமே காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, அந்த அக்காவின் இயந்திரத்தருகே குனிந்து தேடினார். தட்டுக்கு அடியில் பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது அந்தத் துண்டு. அதன்பின் பதிவேடு நிரம்பத் தொடங்கியது. ஊசிச் செலவு கூடுகிறதே என்று கணக்குப் பிரிவு கவலைப்பட்டபோது, பதிவுகளை இயந்திர எண்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். பெரும்பகுதி ஒரே லைனின் இரண்டு ஓவர்லாக் இயந்திரங்களிலிருந்து வந்திருந்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தால், லூப்பர் என்னும் நூல் கோக்கும் கொக்கி ஊசியை உரசிக்கொண்டிருந்தது. பழைய நிறுவனத்திலும் இத்தகைய இயந்திரங்கள் இருந்திருக்கும். அங்கே அதை அறிய வழியே இல்லை.

ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது இப்படியெல்லாம் நின்று தேட முடியுமா, நம் ஆட்கள் இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று சிலர் இங்கே எழுதக்கூடும். இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே தவறு செய்பவர்மீது நடவடிக்கை கூடாது என்றும் சொல்லவில்லை. ஆட்களைக் குறைசொல்பவர்கள் ஃப்ரீமாண்ட் ஆலையைப் பற்றிப் படிக்க வேண்டும். தரக்குறைவுக்கும் தொழிலாளர் தகராறுகளுக்கும் பெயர்பெற்ற அந்தக் கலிபோர்னிய ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே ஆலை திறக்கப்பட்டபோது, வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தாம். குறையைக் கண்ட எவரும் கயிற்றை இழுத்து உதவிக்கு அழைக்கலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்ற முறை வந்தது. கயிறு இழுத்தவரிடம் குழுத்தலைவர் உதவி செய்ய ஓடிவந்தார். சில ஆண்டுகளில் தரத்தில் பெயர்பெற்ற ஆலையாக அது மாறியது.

உங்கள் நிறுவனத்தில் 60 பேர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க, மூத்த பெண் ஊழியர் தலைமையில், வெளி உறுப்பினர் ஒருவரையும் சேர்த்து உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பல நிறுவனங்கள் அந்தக் குழுவின் ஆண்டறிக்கையில் 'புகார் எதுவுமில்லை' என்று எழுதிப் பெருமைப்படுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது வெறுமையான ஊசிப் பதிவேட்டைத்தான் நினைவூட்டுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான இளம்பெண் ஒருவர் 2021இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம், ஆலையில் பாலியல் துன்புறுத்தலை ஒழிப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தத்தை 2022இல் கொண்டுவந்தது. தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. அந்த எண்ணிக்கையைக் கண்டு ஆலை கெட்டுவிட்டது என்று யாரேனும் சொன்னால், அதற்கு முன்பு அந்தப் பெண்கள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்பேன்.

ஆகவே கருத்துப்பெட்டியை விட்டுவிட்டு, உங்கள் மேற்பார்வையாளர்கள் எதற்காகத் திட்டு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வேலையை நிறுத்திக் குறை சொல்பவருக்குக் கூலியோ மதிப்போ குறையுமென்றால், அதை முதலில் கணக்கில் சரிசெய்யுங்கள். உங்களிடம் முதலில் வரும் குறை மிகச் சிறியதாகவே இருக்கும்; கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்பது போன்றது. பெரியதைச் சொல்லலாமா என்று அதைக் கொண்டு உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். தாழ்ப்பாளை அன்றே மாற்றிவிடுங்கள். முதலாளிவரை அதைக் கொண்டுபோனது யார் என்று மேற்பார்வையாளர் துருவத் தொடங்கினால், அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.